எரியும் கால்களும் இளைக்கும் உடலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவிலே நோயைப் பற்றிப் பேச ஒரு மருத்துவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அழைப்பு வந்தபோது நானும் அவ்வாறே எண்ணினேன். பிறகு என் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. நோயைப் பற்றிய அறியாமை ஒரு பெண்ணின் படிப்பை எவ்வாறு பறித்தது என்பதற்கு அந்நிகழ்ச்சியே சான்று. அந்த அறியாமை பாமரருடையதன்று. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என்னுடையது. ஆகவே இன்று உபதேசம் செய்பவனாக அல்லாமல், பட்டறிந்தவனாக உங்கள் முன் நிற்கின்றேன்.

காட்டுமன்னார்கோயில் வட்டத்திலே, வீராணம் ஏரிப் பாசனத்தை நம்பியுள்ள சிற்றூர் ஒன்றில், நிலமற்ற கூலி விவசாயியின் மகனாகப் பிறந்தவன் நான். விடுதியில் தங்கிப் படித்து, அரசின் உதவித்தொகையால் சென்னையில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். 1988-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஊர் வந்தபோது என் தந்தையார், இரவில் கால்கள் எரிகின்றன என்று சொன்னார். நடவு நட்டும் களை பறித்தும் நாள் முழுதும் சேற்றில் நின்ற கால்கள். எரிச்சல் எடுப்பது இயல்பே என்று நான் எண்ணினேன். சத்துக் குறைவாக இருக்கும் என்று சொல்லி வைட்டமின் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டேன்.

பொங்கலுக்கு மீண்டும் வந்தேன். திண்ணையில் அமர்ந்திருந்தவரை என் தந்தை என்று அறிந்துகொள்ள எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. கன்னங்கள் ஒட்டியிருந்தன. தொடைச் சதை கரைந்து, முழங்கால் மூட்டு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. போர்வை காலின்மேல் பட்டால் தீப்பட்டாற்போலத் துடித்தார். வேட்டியின் விளிம்பு உரசுவதைக்கூடப் பொறுக்க மாட்டாமல் அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். நள்ளிரவில் எழுந்து போய் வாய்க்கால் நீரில் கால்களை வைத்துக்கொண்டு விடியும்வரை நிற்பார் என்று என் தாயார் அழுதார். உணவில் விருப்பமில்லை, உறக்கமில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. ஊரார் சிலர் உருக்கி நோய் என்றனர். சிலர் செய்வினை என்றனர். பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவர் வாரம் இருமுறை வலிக்கு ஊசி போட்டிருக்கின்றார், சிறுநீரைச் சோதிக்கவில்லை. அந்த ஊசிகளுக்காகக் கறவை மாடு விற்கப்பட்டிருந்தது.

ஊர் அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசிலே அவரை நிற்க வைத்தேன். முந்திய அறுவடையின்போது அதே தராசில் விளையாட்டாக ஏறி நின்ற அவர் 58 கிலோ இருந்தாராம். அன்று 41 கிலோ இருந்தார். நான் கொண்டு வந்திருந்த பெனடிக்ட் கரைசலில் அவருடைய சிறுநீரைச் சில துளிகள் விட்டுக் காய்ச்சினேன். நீல நிறக் கரைசல் பச்சையாகி, மஞ்சளாகி, இறுதியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. நீரிழிவு என்பது உறுதியாயிற்று.

பிழை இதன் பின்னர்தான் நேர்ந்தது. நீரிழிவு ஒன்றினால் மட்டும் ஒருவர் சில மாதங்களில் இவ்வளவு மெலிய முடியாது, உள்ளே புற்றுநோய் இருக்கின்றது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "கை மீறிவிட்டது" என்று என் தாயாரிடம் சொன்னேன். மருத்துவம் படிக்கும் மகன் சொன்ன சொல்லை அவர் ஐயுறவில்லை. அவர் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். ஆகவே தந்தையாரைப் பார்த்துக்கொள்ள என் தங்கை பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. வகுப்பில் எப்போதும் முதல் மூவரில் ஒருத்தியாக வருபவள்.

பிப்ரவரியில் தந்தையாரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். என் பேராசிரியர் ஒருவர் அவரைப் பரிசோதித்தார். நெஞ்சுப் படம் எடுத்தார், கோழையைச் சோதித்தார், வயிற்றை ஆராய்ந்தார். காசமும் இல்லை, புற்றும் இல்லை. பிறகு என்னை அழைத்து, "இது நீரிழிவினால் வரும் நரம்பு நோயின் ஒரு வகை. நோயாளியும் வீட்டாரும் சாவு வந்துவிட்டதென்றே எண்ணுவார்கள். ஆனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி உடல் எடையை மீட்டால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் வலி தணிந்துவிடும். இன்சுலின் தொடங்கு, நம்பிக்கையைச் சொல்" என்றார்.

அவ்வாறே நடந்தது. முதல் சில வாரங்கள் வலி குறையவில்லை. ஐந்தாம் மாதத்தில் இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரம் உறங்கினார். அடுத்த தீபாவளிக்கு நான் சென்றபோது போர்வை போர்த்தி உறங்கிக்கொண்டிருந்தார். 54 கிலோ இருந்தார். அதற்குப் பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். என் தங்கையின் படிப்பு மட்டும் திரும்பவில்லை. மாடு போயிற்று, கடன் ஏறிற்று. கடன் தீருமுன் அவளுக்குத் திருமணம் பேசி முடித்துவிட்டார்கள். தந்தையாரின் வலி பத்து மாதத்தில் போய்விட்டது. நான் சொன்ன தவறான ஒரு சொல்லின் விளைவு இன்றுவரை போகவில்லை.

இந்த நோயைப் பற்றி உங்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவதன் காரணம் இதுவே.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் சோறும் கூழும் குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் சென்று பயன்படுவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் வேண்டும். இன்சுலின் குறைந்தாலும், அதன் ஆற்றல் எடுபடாமற் போனாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகின்றது. அளவு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரில் வழிகின்றது. ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் போவதைப் போல என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் சர்க்கரை நான்கு கலோரி ஆற்றல் தரும். நாளொன்றுக்கு 100 கிராம் சிறுநீரில் போனால் 400 கலோரி வீணாயிற்று. ஒருவேளை உணவைச் சமைத்து மண்ணில் கொட்டியதற்கு ஒப்பாகும். உடல் பட்டினியை உணர்ந்து தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் செலவிடுகின்றது. உண்டும் இளைப்பதன் காரணம் இதுவே.

அதே சர்க்கரை மிகுதி நரம்புகளையும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றது. உடலிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை செல்பவை. நீளமானவை முதலில் பழுதடைவதால், தொல்லை பாதத்தில் தொடங்கி, காலுறை போட்டாற்போல மேலேறுகின்றது. பழுதடைந்த நரம்பு இருவகையாக நடந்துகொள்ளும். ஒன்று, செய்தி அனுப்பாமல் மௌனமாகிவிடும். அப்போது கால் மரத்துப்போகும். மற்றொன்று, காரணமின்றிப் பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது எரிச்சலும் குத்தலும் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சியும் தோன்றும். ஒரே காலில் இரண்டும் இருப்பதுண்டு. எரிகின்ற கால் முள் குத்தியதை அறியாமலிருப்பது இதனால்தான்.

நீரிழிவுக்காரருள் பலருக்கு இத்துன்பம் மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் வளரும். சிலருக்கு மட்டும் என் தந்தையாருக்கு வந்ததைப் போலக் கடும் வலியும் கடும் மெலிவும் கைகோத்து, சில வாரங்களில் வந்துவிடும். மாக்ஸ் எல்லன்பெர்க் என்னும் அமெரிக்க மருத்துவர் 1974-ஆம் ஆண்டு இதனைத் தனி நோய்நிலையாக எடுத்து எழுதினார். 'டயபடிக் நியூரோபதிக் கெக்கெக்சியா' என்று அதற்குப் பெயரிட்டார். நீரிழிவு நரம்பு நோயோடு கூடிய உடல் நலிவு என்று நாம் சொல்லலாம். 1983-இல் இலண்டன் மருத்துவர்கள் இத்தகைய ஒன்பது ஆண்களின் வரலாற்றை வெளியிட்டனர். அவர்கள் அனைவருக்கும் கடும் எரிச்சல், ஆடை பட்டாலே வேதனை, பெரும் எடை இழப்பு, மனச்சோர்வு, ஆண்மைக் குறைவு ஆகியவை இருந்தன. சர்க்கரை கட்டுப்பட்டு எடை கூடிய பிறகு, பத்து மாதங்களுக்குள் ஒன்பது பேருக்கும் கடும் வலி தணிந்தது. நான் தந்தையாரைக் கைவிட்டுப் பேசியது 1989-இல். அக்கட்டுரை வெளிவந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்வி என்பது நூல் வெளிவருவதோடு முடிவதில்லை. வேண்டியவர் கைக்கு அது வந்து சேரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அண்ணல் பட்ட துன்பம்

இந்த அவையில் ஒரு பெருமகனாரின் பெயரைச் சொல்லாமல் இந்நோயைப் பற்றிப் பேசி முடிக்க இயலாது. அண்ணல் அம்பேத்கர் நீரிழிவு நோயாளி. அரசியல் சட்ட வரைவை முடித்த காலத்தில் அவர் உறக்கமின்றித் தவித்தார், கால்களில் நரம்பு வலி இருந்தது, இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தார். மருத்துவத்திற்காக மும்பை சென்றார். தமக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர் சாரதா கபீர் அவர்களை 1948 ஏப்ரல் 15-ஆம் நாள் மணந்தார். சவிதா அம்பேத்கர் என்று நாம் அறிந்தவர் அவரே. 1954-இல் ஜூன் முதல் அக்டோபர் வரை அண்ணல் படுக்கையில் கிடந்தார், கண்பார்வையும் மங்கியது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோதும் தளர்ந்த உடலோடுதான் நின்றார். அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் உறக்கத்திலேயே மறைந்தார்.

அவருக்கு இருந்த நரம்பு நோய் எந்த வகையென்று இன்று நான் ஊகித்துச் சொல்வது முறையாகாது. ஆயினும் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையை நாம் ஆண்டுதோறும் படிக்கின்றோம். அதை ஆற்றியவரின் கால்களும் இரவில் உறங்க விடாத கால்களே. நீரிழிவு வந்தது என்று வெட்கப்படுபவரும், இன்சுலின் போட்டால் வாழ்வு முடிந்தது என்று அஞ்சுபவரும் இதை நினைக்க வேண்டும். அதே வேளையில், வலியைப் பொறுத்துக்கொண்டு உழைத்தார் என்பதற்காக நாமும் பொறுத்துக்கொண்டு சும்மா இருத்தல் கூடாது. அவர் காலத்தில் இல்லாத பல மருந்துகள் இன்று இருக்கின்றன.

செய்ய வேண்டுவன

நீரிழிவு பணக்காரர் நோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று அச்சொல் செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் நீரிழிவு உடையவர் என்று அது கணக்கிட்டது. மாதக் கணக்கில் காரணமின்றி எடை குறைந்தாலும், அடிக்கடி சிறுநீர் கழிந்தாலும், கால் எரிந்தாலும் மரத்தாலும், முதலில் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கொள்ளப்படும்; அறிகுறி இல்லாதவருக்கு மறுமுறையும் பார்த்து உறுதி செய்வர்.

மெலிவெல்லாம் இந்நோயே என்று எண்ணிவிடவும் கூடாது. நீரிழிவு உடையவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஆகவே இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் கோழைச் சோதனை கட்டாயம் வேண்டும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். கழுத்துச் சுரப்பி நோய், புற்றுநோய், குடிப்பழக்கம், பி12 வைட்டமின் குறைவு ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்வார். நீரிழிவுக்கு நெடுநாள் மெட்பார்மின் மாத்திரை உண்பவருக்கு இந்த பி12 குறைவு வரக்கூடும். இவற்றையெல்லாம் நீக்கிய பின்பே நான் சொன்ன முடிவுக்கு வருதல் வேண்டும். என் பேராசிரியர் அவ்வாறே செய்தார். நானோ சோதிக்காமலே முடிவு கட்டினேன்.

மருத்துவத்தின் முதற்படி சர்க்கரையைக் கட்டுப்படுத்தலே. இவ்வளவு மெலிந்தவருக்குப் பெரும்பாலும் இன்சுலின் வேண்டியிருக்கும். இன்சுலின் கடைசிக் கட்டத்து மருந்து என்பது தவறான எண்ணம். அது மெலிந்த உடலைத் தேற்றும் மருந்து. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் பெற்றவன் எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன். அம்மருந்தால் அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை திடீரென இறங்கும்போது சிலருக்கு வலி சில காலம் கூடும். மருந்து பகையாயிற்று என்று அஞ்சி ஊசியை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் அளவை மெல்ல மெல்லச் சரிசெய்வார்.

வலிக்குத் தனி மருந்துகள் உண்டு. கடையில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரை நரம்பு வலிக்குப் பெரும்பாலும் உதவாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அமிட்ரிப்டிலின், டியூலாக்செட்டின், காபாபென்டின், பிரிகாபலின் என்பன நரம்பின் பொய்ச் செய்தியை அடக்குபவை. இவற்றை மருத்துவர் சொன்ன அளவில், இரவு உறக்கத்தையும் கருதி உட்கொள்ள வேண்டும். இவற்றுள் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை என்பதால், பைத்தியத்துக்கு மருந்து கொடுத்துவிட்டார் என்று கோபிக்க வேண்டா.

உணவைப் பற்றி ஒரு சொல். நீரிழிவு என்றதும் நோயாளியைப் பட்டினி போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும் உடலைப் பட்டினி மேலும் கரைக்கும். சோற்றை அளவாக்கி, பருப்பு, முட்டை, கீரை, நம் கடற்கரையில் கிடைக்கும் மலிவான மீன், நிலக்கடலை ஆகியவற்றைக் கூட்டுங்கள். கேழ்வரகு நல்லதுதான், ஆயினும் கூழாகக் கரைத்து வயிறு முட்டக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

நோயாளியின் மனத்தையும் கவனியுங்கள். மாதக்கணக்கில் உறக்கம் இழந்தவர் சாவை விரும்பிப் பேசுவார். என் தந்தையாரும் பேசினார். அதை முணுமுணுப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஆண்மைக் குறைவினால் கணவன் மனைவியரிடையே மனவேறுபாடு தோன்றுவதும் உண்டு. உடல் தேறும்போது அதுவும் சீராகக்கூடும் என்று இருவருக்கும் எடுத்துச் சொல்லுதல் நலம்.

செருப்பு என்னும் உரிமை

மரத்துப்போன கால் பேசாது. அதற்காக நம் கண்கள் பார்க்க வேண்டும். இரவுதோறும் படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கொளியில் பாருங்கள். குனிய முடியாத முதியவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். எரிச்சலுக்குச் செங்கல் ஒத்தடமும் வெந்நீரும் வேண்டா. சூடு தெரியாமல் வெந்து புண்ணாகி, இறுதியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வந்த பலரை நான் கண்டிருக்கின்றேன்.

வீட்டிற்குள்ளும் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. உணர்ச்சியற்ற காலில் அழுத்தத்தால் புண் வருவதையும், அழுத்தத்தைக் குறைத்தால் அப்புண் ஆறுவதையும் உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட். தொழுநோயாளிகளிடையே அவர் கற்ற பாடம் பின்னர் உலகெங்கும் நீரிழிவுக் கால்களுக்குப் பயன்பட்டது. மைக்ரோ செல்லுலர் ரப்பர் வைத்த செருப்பு இன்று அவ்விரு நோயாளருக்கும் தரப்படுகின்றது.

செருப்பைப் பற்றிப் பேசும்போது நம் பெரியோர்கள் சிலர் தலைகுனிவதைக் காண்கின்றேன். காரணம் அறிவேன். ஊர்த் தெருவில் நம்மவர் செருப்பணிந்து நடக்கலாகாது என்று தடுத்த காலம் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர் என் பாட்டனார். இம்மாவட்டத்தின் மைந்தர் இளையபெருமாள் அவர்கள் தலைமையில் அமைந்த குழு 1969-இல் அளித்த அறிக்கை, தீண்டாமைக் கொடுமைகளை நாடறியச் செய்தது. அந்தப் பழக்கத்தின் தழும்பாகவே இன்றும் நம் முதியோர் பலர் வெறுங்காலில் நடப்பதைப் பணிவென்று எண்ணுகின்றனர். இளைஞர்களே, உங்கள் பாட்டனாருக்கும் பாட்டிக்கும் முதல் ஊதியத்தில் புடைவையும் வேட்டியும் வாங்கித் தருகின்றீர்கள். அதனோடு காலுக்குப் பொருந்திய, மெத்தென்ற ஒரு சோடிச் செருப்பும் வாங்கித் தாருங்கள். அது மருந்து, அதுவே மானமும் ஆகும்.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

1916-ஆம் ஆண்டிலே சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தபோது, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாயிலே பெரும் தடையாக இருந்தது. இன்று வாயில் திறந்திருக்கின்றது. ஆனால் பள்ளிக்குள் சென்ற பிள்ளையை நடுவில் வெளியே இழுக்கும் கைகள் பல. வீட்டில் ஒருவர் நோயில் விழுவது அவற்றுள் ஒன்று. இழுக்கப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளையே.

ஆகவே மூன்று விண்ணப்பங்களைச் சங்கத்தின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, சங்கக் கட்டடத்தில் எடை பார்க்கும் கருவி ஒன்றை வைத்து, நாற்பது வயதைக் கடந்த உறுப்பினர் அனைவரின் எடையையும் மூன்று திங்களுக்கு ஒருமுறை ஒரு பதிவேட்டில் எழுதி வாருங்கள். அரிசி ஆலைத் தராசு இல்லையேல் என் தந்தையார் 17 கிலோ இழந்ததை எவரும் அறிந்திருக்க முடியாது. எடை குறைந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள். தேவையானால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையும், 1985-இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் சிதம்பரம் மருத்துவமனையும் நமக்கு அருகிலேயே உள்ளன. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாக நீரிழிவு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. தேடி வருவதை வாங்கி உண்பதற்குக் கூட நாம் தயங்கலாகாது.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருநாள் பாதப் பரிசோதனை நாள் நடத்துங்கள். பத்து கிராம் அழுத்தம் தரும் ஒரு சிறு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாலே உணர்ச்சி உண்டா இல்லையா என்று அறியலாம். பயிற்சி பெற்றால் நம் கல்லூரி மாணவர்களே இதைச் செய்ய முடியும். இந்நாளில் நான் வந்திருந்து பயிற்சி அளிக்க உறுதி கூறுகின்றேன்.

மூன்றாவது, இதுவே தலையாயது. வீட்டில் நோய் என்ற காரணத்தால் எந்தப் பிள்ளையும் படிப்பை நிறுத்துவதற்கு முன், அந்தச் செய்தி சங்கத்துக்கு வரவேண்டும். சங்கத்தார் இருவர் அவ்வீட்டுக்குச் சென்று மூன்று வினாக்கள் கேட்கட்டும்: நோய் இன்னதென்று உறுதியாயிற்றா? அது எத்தனை மாதத்தில் தீரும் என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? அதுவரை நோயாளியைப் பார்த்துக்கொள்ள உறவினரும் அண்டை வீட்டாரும் முறை வைத்துக்கொள்ள முடியாதா? எங்கள் வீட்டில் 1989 ஜனவரியில் எவரேனும் வந்து இரண்டாம் வினாவை மட்டும் கேட்டிருந்தால் போதும். மாடு விற்றது விற்றதாகவே இருந்திருக்கும். என் தங்கை தேர்வு எழுதியிருப்பாள்.

அவள் இன்று இந்த அவையில்தான் அமர்ந்திருக்கின்றாள். சத்துணவுக் கூடத்தில் நெடுங்காலம் உழைத்தவள். தன் இரு மகள்களையும் பட்டதாரிகள் ஆக்கியவள். இந்நிகழ்ச்சியைப் பேசலாமா என்று நேற்று அவளிடம் கேட்டேன். "பேசுங்க அண்ணா, இன்னொரு வீட்டுப் பொண்ணு நிக்காம இருக்கட்டும்" என்றாள். அவள் தந்த அனுமதியால் பேசினேன்.

எரியும் கால் ஆறும். இளைத்த உடல் தேறும். அதுவரை காத்திருக்கத் தெரிந்த வீடுகளாக நம் வீடுகள் ஆகட்டும்.